பதினோரு குறைகள் உள்ள வண்டி

ஞாயிற்றுக்கிழமை, மதியம் 3.40.

ஷெட்டின் பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. அவள் சாவியைப் போட்டுத் திறந்து, இரண்டு தகரக் கதவுகளையும் விரித்தாள். உள்ளே வண்டி இல்லை.

எண்ணெய் சொட்டுக்காகத் தரையில் வைத்திருந்த தகரத் தட்டு இருந்தது. சுவரோரம் ஒரு பழைய டயர் இருந்தது. நடுவில் வண்டி நீளத்துக்கு வெறும் சிமெண்ட் தரை.

"கதவைத் திறந்துட்டு ஏன் அண்ணி சிலை மாதிரி நிக்கிறீங்க?" என்று பின்னாலிருந்து கேட்டாள் நாத்தனார். பிறகு தானே எட்டிப் பார்த்தாள். "ஐயோ! அண்ணன் வண்டி எங்க?"

கணவர் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அறுபது வருடத்துக்கு முந்தைய மாடல் கார் அது. அதில் முப்பத்தோரு வருடம் அவர் கையில் இருந்தது. "நிறுத்தி வெச்சா பழைய வண்டி செத்துப்போயிடும். ஓட்டத் தெரிஞ்சவன் கையில குடுத்துடு" என்று படுக்கையில் கிடந்தபடி சொல்லியிருந்தார். அவர் கடைசியாகக் கேட்டுக்கொண்ட காரியம் அது ஒன்றுதான். அதற்காகத்தான் இணையத்தில் விளம்பரம் போட்டார்கள்.

மாலை 4.15.

வந்த இன்ஸ்பெக்டர் நடுவயதுப் பெண்மணி. பூட்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. கதவின் கீல்களைப் பார்த்தார். அசைவில்லை.

"அம்மா, ஒண்ணொண்ணா கேக்கறேன். கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. எப்போ வெளியே போனீங்க?"

"ரெண்டு பத்துக்கு."

"எங்க?"

"மூக்குக் கண்ணாடி வாங்க. நாங்க ரெண்டு பேரும்தான்."

"நீங்க வீட்டுல இருக்க மாட்டீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"வண்டி பார்க்க வந்த எல்லாருக்கும் தெரியும். ஞாயித்துக்கிழமை ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் இருக்க மாட்டோம், அந்த நேரத்துல வராதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

"திருடனுக்கு நேரம் குறிச்சுக் குடுத்த ஒரே வீடு நம்ம வீடுதான்" என்றாள் நாத்தனார்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "வண்டியைக் கிளப்பச் சாவி மட்டும் போதுமா?"

"போதாது. டிரைவர் சீட்டுக்கு அடியில பேட்டரிக்கு ஒரு சுவிட்ச் இருக்கு. அவரே வெச்சது. அது தெரியாதவங்க நாள் பூரா சாவியைத் திருகினாலும் ஒண்ணும் நடக்காது."

"தெரிஞ்சவங்க?"

"நாங்க ரெண்டு பேர். மெக்கானிக். அப்புறம், பார்க்க வந்த மூணு பேருக்கும் கிளப்பிக் காட்டினேன்."

"ஷெட் சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு என் கொத்துல. வண்டிச் சாவியும் அதே வளையத்துலதான். அது என் கைப்பையிலேயே இருக்கு."

"இன்னொண்ணு?"

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"மெக்கானிக்கிட்ட. வண்டிச் சாவியும் சேர்த்து. அண்ணன் குடுத்து வெச்சது. வண்டியை விக்கவே கூடாதுன்னு வந்து ஒரு பாட்டம் அழுதுட்டுப் போன ஆளு. மேடம், இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?"

"ஏம்மா, சும்மா இரேன்" என்றாள் அவள்.

"நான் சும்மா இருந்தா பூட்டு தானா திறந்துக்கிட்டு, தானா மூடிக்கிச்சா அண்ணி?"

பூட்டை உடைக்காமல் திறந்து, வண்டியை வெளியே எடுத்து, மறுபடியும் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான் ஒருவன். சாவி இல்லாமல் அது நடக்காது. அவளிடம் இருந்த சாவி அவளை விட்டு நகரவில்லை. மிச்சம் ஒரு சாவி.

5.05க்கு இன்ஸ்பெக்டரின் கைப்பேசி அடித்தது. வண்டி கிடைத்துவிட்டது. ஏழு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுப்பாலத்துக்கு நடுவில் ஆளில்லாமல் நின்றிருந்ததாம்.

மாலை 6.10.

காவல் நிலையத்தின் பின்முற்றத்துக்கு வண்டியை இழுத்து வந்திருந்தார்கள். அரக்கு நிற உடம்பு, வெள்ளைக் கூரை. ஒரு கீறல் இல்லை. அவள் முன்விளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வண்டி கிடைத்ததே போதும், வீட்டுக்குப் போகலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் முற்றத்துக்கு வரும் வழியில், அறை வாசலையொட்டிய பெஞ்சில் மெக்கானிக் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டிருந்தாள். இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் வைத்திருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஞாயிறு மதியம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, பட்டறையில் தூங்கினேன் என்றாராம். பார்த்தவர் யார் என்றால், யாருமில்லை.

"ஏன் நின்னுச்சு வண்டி?" இன்ஸ்பெக்டர் காவலரைக் கேட்டார்.

"பெட்ரோல் சுத்தமா இல்லை மேடம்."

இன்ஸ்பெக்டர் அவளிடமிருந்து சாவியை வாங்கித் திருப்பினார். முள் எழுந்து பாதியில் நின்றது. "பாதி டேங்க் காட்டுதே?"

"அது பொய் சொல்லும் மேடம்" என்றாள் அவள். "பத்து வருஷமா பாதிதான் காட்டுது. குச்சி விட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

இன்ஸ்பெக்டர் அந்த முள்ளையே சற்று நேரம் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக்கொடுத்து, "உள்ளே வாங்கம்மா" என்றார்.

அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள். நாத்தனார் முதல் ஆளாக உட்கார்ந்தாள். கதவு சாத்தியும் சாத்தாமலும் இருந்தது.

"ஒரே கேள்வி. யோசிச்சுச் சொல்லுங்க. மெக்கானிக் எடுத்திருப்பார்னு நினைக்கிறீங்களா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை.

முப்பது வருடப் பழக்கம். கணவருக்கு மார்வலி வந்த அன்று இதே வண்டியில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தவர் மெக்கானிக்தான். ஆனால் சாவி அவரிடம் இருந்தது. விற்க வேண்டாம் என்று அழுததும் அவர்தான். நூலகத்தில் முப்பது வருடம் இருந்தவளுக்கு, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் அடுக்கிப் பார்த்தே பழக்கம். அடுக்க அடுக்க எல்லாம் அவர் பக்கமே போய் நின்றன. எடுத்தது அவர் என்றால், போன மனிதரின் முப்பது வருட நம்பிக்கையே ஏமாளித்தனம் என்றாகிவிடும்.

"இல்லை" என்றாள் கடைசியில். "எப்படின்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது மேடம். ஆனா இல்லை."

"அண்ணிக்கு இளகின மனசு" என்றாள் நாத்தனார்.

"எனக்கு அந்த வசதி இல்லை" என்றார் இன்ஸ்பெக்டர். "எனக்குக் காரணம் வேணும். விளம்பரத்தைக் காட்டுங்க. முதல்ல இருந்து சொல்லுங்க. யார் எப்போ வந்தாங்க, என்ன பேசினாங்க, கையில என்ன வெச்சிருந்தாங்க, எல்லாம்."

அவள் சொன்னாள். நினைவு அவளைக் கைவிடவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நாத்தனார் தன் கைப்பேசியில் விளம்பரத்தை ஏற்றினாள். பத்துப் படங்கள். வாசகம் முழுக்க நாத்தனாருடையது. "ராஜா மாதிரி வண்டி. குறை என்று சொல்ல எதுவும் இல்லை."

7.30க்கு முதல் அழைப்பு. செயற்கைப் பல் செய்து கட்டுபவர் ஒருவர். சனிக்கிழமை காலை சரியாக ஒன்பதுக்கு வந்தார். மென்மையாகப் பேசினார். விளம்பரத்தை அச்சடித்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு படமாக எடுத்து வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இந்தக் காலத்திலும் காகிதத்தை மதிக்கிற மனுஷன்" என்று அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. விலையைக் கேட்டதும், யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

பதினொரு மணிவாக்கில் மெக்கானிக் வந்தார். நாத்தனாரின் கைப்பேசியை வாங்கி விளம்பரத்தைப் படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"என்னக்கா இது? குறையே இல்லைன்னு எழுதியிருக்கு?"

"குறையைச் சொல்லி யாராவது விப்பாங்களா?" என்றாள் நாத்தனார்.

"சார் வித்திருந்தா சொல்லித்தான் வித்திருப்பார். நாளைக்கு வாங்கினவன் நடுரோட்டுல நின்னுக்கிட்டு சாரைத் திட்டக் கூடாது. விக்கிறதுன்னு ஆயிடுச்சு. ஒழுங்கா வித்துடுவோம்."

அவர் சொல்லச் சொல்ல நாத்தனார் முணுமுணுத்தபடி தட்டினாள். இடது பின்கதவு உள்ளிருந்து திறக்காது. மழை பெய்தால் முன்சீட்டின் காலடியில் தண்ணீர் நிற்கும். இடப்பக்கம் ஒடித்துத் திருப்பினால் ஹாரன் தானாகவே அலறும். பெட்ரோல் முள்ளை நம்ப வேண்டாம். இப்படிப் பதினோரு குறைகள். "இதுக்குமேல கூடவே ஒரு மெக்கானிக்கும் இலவசம்னு போட்டுடவா?" என்று நாத்தனார் கேட்டதும், "போடுங்க, வர்றேன்" என்று மெக்கானிக் சிரிக்காமல் சொன்னதும் அவளுக்கு நினைவிருந்தது. கதவுக்குக் கீழே இருந்த துருவையும் அவர் படம் எடுக்கச் சொன்னார். பத்துக்கு மேல் படம் ஏறாது என்றது இணையதளம். அதனால் பழைய படங்களில் ஒன்றை நீக்கிவிட்டுத் துருவைப் போட்டார்கள்.

"எதை நீக்கினீங்க?" என்று இன்ஸ்பெக்டர் இடையில் கேட்டார்.

நாத்தனார் யோசித்தாள். "சாவிக்கொத்து. ஒரிஜினல் சாவியே இருக்குன்னு காட்டுறதுக்காக பானெட் மேல வெச்சு எடுத்தது. துருவுக்கு முன்னாடி சாவி என்ன முக்கியம்னு எடுத்துட்டேன்."

"ம்." இன்ஸ்பெக்டர் ஒரு வரி எழுதிக்கொண்டார். "மேலே சொல்லுங்க."

சனிக்கிழமை நாலு மணிக்குக் கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுபவர் வந்தார். குறைப்பட்டியலைக் கைப்பேசியில் உரக்கப் படித்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "மாப்பிள்ளை இடது பக்கம் உட்கார்ந்தா இறங்கவே முடியாதே! பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு இது குறையே இல்லைம்மா!" என்றார்.

ஞாயிறு காலை பத்துக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர் வந்தார். விளம்பரத்தைக் கைப்பேசியில் ஒருமுறை பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் டிக்கியிலிருந்த குச்சியை எடுத்து டேங்கில் விட்டுப் பார்த்தார். "ஒரு விரல் உயரம்தான் இருக்கு. நிறைய ஓட்டாதீங்க" என்றார். அவர் வாங்குவதாகவே இருந்தது.

"அவ்வளவுதான் மேடம்."

இன்ஸ்பெக்டர் நாத்தனாரின் கைப்பேசியில் விளம்பரத்தின் கீழ்க்கோடிவரை தள்ளிப் போனார். அங்கே பொடி எழுத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். "கடைசியாக மாற்றப்பட்டது, சனிக்கிழமை, 11.40."

பிறகு மேசைமேல் இருந்த குறிப்பேட்டை மூடினார். "மெக்கானிக் வீட்டுக்குப் போகலாம். நீங்களும் போங்க. நாளைக்குப் பதினொண்ணேகாலுக்கு எல்லாரும் வாங்க."

"அவரை விடறீங்களா?" நாத்தனார் எழுந்தே விட்டாள்.

"பாலத்து நடுவுல வண்டியை நிறுத்திட்டுப் போற அளவுக்கு அவர் முட்டாள் இல்லைம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

திங்கட்கிழமை, காலை 11.15.

அதே அறை. இந்த முறை மெக்கானிக்குக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அவளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"பல் கட்டுறவர்" என்றார் இன்ஸ்பெக்டர். "காலையில ஒன்பதரைக்கு அவர் பட்டறையில இருந்தேன். பத்து மணிக்கெல்லாம் ஒத்துக்கிட்டார்."

"அந்த மனுஷனா? எவ்வளவு மரியாதையா..." என்றாள் அவள்.

"எப்படின்னு சொல்றேன். வண்டி ஏன் நின்னுச்சு? எடுத்தவன் முள்ளை நம்பினான். பாதி டேங்க் இருக்குன்னு நினைச்சு ஓட்டினான், பாலத்துல மாட்டினான். ஆக, அந்த முள்ளு பொய் சொல்லும்னு தெரியாத ஆள் அவன். இப்போ தெரிஞ்சவங்களைக் கழிங்க. மெக்கானிக் தெரிஞ்சவர், அவர்தானே பட்டியலே சொன்னது. உங்க நாத்தனார் அதைத் தட்டினவங்க. வாடகைக் கார்க்காரர் பட்டியலைப் படிச்சுச் சிரிச்சார். கப்பல்காரர் குச்சியே விட்டுப் பார்த்தார். மிச்சம் யார்?"

"அவரும்தானே விளம்பரத்தைப் பார்த்து வந்தார்?" என்றாள் நாத்தனார்.

"எந்த விளம்பரத்தை?" இன்ஸ்பெக்டர் உறையிலிருந்து தாள்களை எடுத்து விரித்தார். "கைப்பேசியில பார்க்கிறவங்களுக்கு நீங்க மாத்தினா அங்கேயும் மாறிடும். அச்சடிச்ச தாள் மாறாது. வெள்ளிக்கிழமை ராத்திரி என்ன இருந்துச்சோ அதேதான் இதுல இருக்கு. ராஜா மாதிரி வண்டி, குறையே இல்லை. பத்திரமா உறைக்குள்ள போட்டு வெச்சிருந்ததால, தளத்துப் பக்கம் அவர் திரும்பப் போகவே இல்லை. அம்மா, நீங்க எதுக்காக அவரை மெச்சினீங்களோ, அதுவேதான் அவரை மாட்டிவிட்டுச்சு."

"சாவி?" மெக்கானிக் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினார். சாவிக்கொத்துப் படம். பக்கம் முழுக்கப் பெரிதாக்கி அச்சடித்திருந்தது. சாவிகளின் பல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் அளவுக்கோடு.

"இந்தப் படம் வெள்ளி சாயங்காலம் ஆறு மணியில இருந்து சனி பதினொண்ணு நாப்பது வரைக்கும்தான் தளத்துல இருந்துச்சு. வண்டிச் சாவி வளையத்துலேயே ஷெட் சாவியும் தொங்குது. ஒன்பது மணிக்கு வந்தப்ப பூட்டைப் பார்த்து எது எந்தச் சாவின்னு தெரிஞ்சுக்கிட்டார். வாயளவுக்கு உலோகத்தை மயிரிழை பிசகாம அராவுற கை அது. அவருக்கு ரெண்டு சாவி பெரிய வேலையா? அராவினது ரெண்டும் மேசை டிராயர்லயே இருந்துச்சு."

"ஆனா எதுக்கு?" என்று அவள் கேட்டாள். "விலையைக் கொஞ்சம் குறைச்சுக் கேட்டிருக்கலாமே."

"அவர்கிட்ட இதே மாடல் ஒண்ணு, இன்ஜின் செத்துப்போய் எட்டு வருஷமா நிக்குது. வண்டியே வேணாமாம், இன்ஜின் மட்டும்தான் வேணுமாம். கழட்டிக்கிட்டு மிச்சத்தை எங்கேயாவது விட்டுடலாம்னு நினைச்சிருக்கார்."

மெக்கானிக் கண்ணை மூடித் திறந்தார். யாரோ தன் நெஞ்சைக் கழற்றப் பார்த்ததைப் போல இருந்தது அவர் முகம்.

நாத்தனார் தொண்டையைச் செருமினாள். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பி, "நான் ஏதேதோ உளறிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். நாத்தனார் மன்னிப்புக் கேட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"நீங்க திட்டாம இருந்தாத்தான் எனக்கு பயம்" என்றார் மெக்கானிக்.

அவள் இன்ஸ்பெக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வண்டிக்காக மட்டுமில்லை என்று சொல்ல நினைத்தாள். சொல்லத் தேவை இருக்கவில்லை.

"அவர் கையில இருந்த தாளைக்கூட மறக்காம சொன்னது நீங்கதானேம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "அதுபோதும். கையெழுத்துப் போட்டுட்டு வண்டியை எடுத்துக்கோங்க."

கப்பல் இன்ஜினியர் நடுவில் இரண்டு தடவை அழைத்திருந்தார். நடந்ததை அவள் சுருக்கமாகச் சொன்னாள். அவர் கேட்டார். "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே? அப்போ நான் வாங்கிக்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். அதோட நெளிவு சுளிவு தெரிஞ்ச மெக்கானிக் இருக்காரே, அவர்தான் இனிமேலும் பார்த்துக்கணும். வருவாரா?"

"கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

நாத்தனார் உள்ளே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பின்முற்றத்தில் நல்ல வெயில். மெக்கானிக் ஒரு கேனைச் சாய்த்து, டேங்கில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். கப்பல்காரர் கேட்டதைச் சொன்னாள்.

"வராம?" என்றார் அவர். "ஹாரன் அலறினா அந்தாளு பயந்துடுவார்."

பெட்ரோல் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. இதை இப்போது சொல்லாவிட்டால் பிறகு ஒருநாளும் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நேத்து அந்த மேடம் உங்களைப் பத்திக் கேட்டாங்க. நீங்க எடுத்திருப்பீங்களான்னு. நான் உடனே இல்லைன்னு சொல்லலை."

"தெரியும்க்கா."

அவள் திடுக்கிட்டாள்.

"வாசல்லதானே உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்துச்சு." கேனை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "அவங்க கேட்ட கேள்வி காதுல விழுந்துச்சு. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அந்த ஒரு நிமிஷம் சார் போன அன்னைக்கு மாதிரியே இருந்துச்சு."

"என்னை மன்னிச்சுடுங்க."

"அட, முழுசாக் கேளுங்க." அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். "எல்லாமே எனக்கு எதிரா இருந்துச்சு. சாவி என்கிட்ட, சாட்சி யாரும் இல்லை. நானே போலீஸா இருந்தா என்னைத்தான் பிடிச்சிருப்பேன். அவ்வளவையும் யோசிச்சுப் பார்த்துட்டு, அப்புறமும் நீங்க இல்லைன்னு சொன்னீங்க பாருங்க. பட்டுனு சொல்லியிருந்தா ஏதோ பழக்கத்துக்குச் சொன்னாங்கன்னு நினைச்சிருப்பேன். எனக்காக ஒருத்தர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லைக்கா."

அவளால் அவரைப் பார்க்க முடியவில்லை. கேன் காலியாகிவிட்டிருந்தது. அவர் அதை இன்னும் சாய்த்தபடியே பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, டேங்கின் மூடியைத் தானே இறுக்கித் திருகினாள்.